‘குடும்ப வரலாறு: இல்லை’ என்று எழுதும் இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இதய மருத்துவர்களுக்கு,

என் கணவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான்கு பக்கம். எந்த ரத்தக்குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு, எத்தனை மில்லிமீட்டர் ஸ்டென்ட், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று எல்லாம் துல்லியமாக இருக்கிறது. முதல் பக்கத்தில், வயது 36 என்று போட்டிருப்பதற்குச் சற்றுக் கீழே, ‘குடும்ப வரலாறு: இல்லை’ என்று ஒரு வரி.

அந்த வரி தவறு. அந்தத் தவறால் எட்டு வயது மகளின் பரம்பரைக் கொழுப்பு நோய் எங்களுக்கு ஏழு மாதம் தாமதமாகத் தெரியவந்தது. போன மாதம் அதே மருத்துவமனைக்குப் போனேன். அந்த வரியைத் திருத்தித் தாருங்கள், இளவயதில் மாரடைப்போடு வந்து சேர்கிறவர்களின் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்த சம்மரியை மாற்ற முடியாது, குடும்பத்தாரைத் தேடிச் சோதிப்பது எங்கள் வேலை இல்லை என்று பதில் வந்தது.

மருத்துவமனையின் பெயரை எழுத மாட்டேன். என் கணவரின் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையிலேயே செலவும் முடிந்தது. அந்த நன்றி என்றைக்கும் எனக்கு உண்டு. ஆனால் அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. அப்புறம் தெரிந்தவர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள் என்று சிலரிடம் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். வேறு ஊர், வேறு மருத்துவமனை, அதே வரி. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

2024 நவம்பரில், என் கணவரை மாரடைப்போடு சேர்த்த அன்று இரவு, பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்டது இதுதான்: “உங்க வீட்ல யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் இருக்கா?” பதில் சொன்னது என் மாமியார். “யாருக்கும் இல்லைங்க ஐயா.” அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் தேனிப் பக்கத்தில் ‘வீடு’ என்றால் இன்றைக்கு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். செத்துப்போனவர்கள் அதில் வர மாட்டார்கள். கட்டிக்கொடுத்த மகள் வர மாட்டாள். அதோடு, ‘ஹார்ட் பிராப்ளம்’ என்பது ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. என் தாத்தா 1990-இல், 42 வயதில், தோட்டத்துக்கு இரவுத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே விழுந்து கிடந்தார். ஊர் அதை முனி அடித்தது என்றது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. அவருடைய அண்ணன் நாற்பத்தெட்டில், பஸ் ஏற நின்ற இடத்திலேயே போய்விட்டார். அது ‘திடீர்ச் சாவு’. அத்தோடு பேச்சு முடிந்தது.

உங்கள் கேள்விக்கு எங்கள் மொழியில் கிடைத்த பதில் அது. கேள்வியை மாற்றிக் கேட்டிருந்தால் பதிலும் மாறியிருக்கும். “உங்கள் ரத்த சொந்தத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்கு முன்னால் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? அம்மா வழியில்? அப்பா வழியில்?” என்று கேட்டிருந்தால் அம்மாச்சி அழுதுகொண்டே இரண்டு பெயரைச் சொல்லியிருப்பார்.

அம்மாச்சி என்று எழுதிவிட்டேன். ஆம், என் மாமியாரும் அம்மாச்சியும் ஒருவரே. நான் என் தாய்மாமனைக் கட்டியவள். என் தாத்தாதான் என் கணவரின் அப்பா. இதைச் சொன்னதும் சில மருத்துவர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மகளை வைத்துக்கொண்டே, “படிச்சிருக்கீங்க, டீச்சரா இருக்கீங்க, சொந்தத்தில் கட்டலாமா?” என்று திட்டினார். 21 வயதில் எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை என்று வந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் நோயாளிகளில் எங்களைப் போன்றவர்கள் அபூர்வம் இல்லை. எங்களைத் திட்டி வெட்கப்பட வைத்தால், அடுத்த முறை கேட்கும்போது அந்த உறவையே மறைத்துவிடுவோம். அப்போது உங்களுக்கு வேண்டிய தகவல்தான் போகும்.

மகளுக்கு மூன்று வயதிலேயே முழங்காலிலும் முழங்கையிலும் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வந்தன. பாலுண்ணி என்றார்கள். கோயிலில் உப்பும் மிளகும் போட்டோம். ஒரு தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார், இன்னொருவர் இரண்டைச் சுட்டு எடுத்தார். திரும்ப வந்தன. என் கணவர் மருத்துவமனையில் இருந்த ஆறு நாளும் அவள் கவுன் போட்டுக்கொண்டு, முழங்கால் தெரிய, அதே கட்டிலின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். காலையிலும் மாலையிலும் ரவுண்ட்ஸ் வந்தது. ஒருவர் அவள் கன்னத்தைத் தட்டி என்ன படிக்கிறாய் என்று கேட்டார். முழங்காலைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கணவரின் குதிகால் தசைநாண் விரல் தடிமன் தடித்திருந்தது, செருப்பு வார் அங்கே எப்போதும் அழுத்தும். கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையமும் உண்டு. முப்பத்தாறு வயதுக்காரரிடம் இவையும், மகளின் கட்டிகளும், கொழுப்பு படிந்ததன் அடையாளம் என்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் ஒரு வயதான குழந்தைநல மருத்துவர். 2025 ஜூனில், மகளுக்குக் காய்ச்சல் என்று போயிருந்தோம். முழங்காலைத் தடவிப் பார்த்தவர் முதலில் கேட்டது, “அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்காம்மா?”

மகளின் எல்.டி.எல்., அதாவது ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பு, 612.

படித்தேன். பள்ளி விட்டு வந்த மாலைகளில் எல்லாம் அதைத்தான் படித்தேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்தத்தில் சுற்றும் கெட்ட கொழுப்பை ஈரல் தன் செல்களின் மேலுள்ள வாசல்கள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த வாசலைக் கட்டும் மரபணு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வருகிறது. ஒன்று பழுதானால் பாதி வாசல்தான் வேலை செய்யும், பிறந்த நாளிலிருந்தே கொழுப்பு கூடி நிற்கும். இரண்டும் பழுதானால் வாசல் ஏறக்குறைய இல்லை. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். என் மகளைப் போல இரண்டும் பழுதான பிள்ளைகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்துத்தான் அவர்கள் அந்த வாசலைக் கண்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பே பரிசு வாங்கிய விஷயம் இது.

இப்போது எங்கள் குடும்பத்தை வைத்துப் பாருங்கள். தாத்தாவிடம் இருந்த அந்த ஒரு பழுது என் அம்மாவுக்கும் வந்தது, மாமாவுக்கும் வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து ஒன்று, மாமாவிடமிருந்து ஒன்று என்று மகளுக்கு இரண்டாகப் போய்ச் சேர்ந்தது. முனி அடித்தது என்று ஊர் சொன்னதை, இன்று மகளின் முழங்காலில் பார்க்கிறேன்.

ஒரு பழுது மட்டும் உள்ளவர்கள் உலக அளவில் சுமார் 300 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். இதே விகிதம் இங்கும் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்கள் ஒவ்வொருவரின் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவர்களை வீடு வீடாகத் தேட வேண்டியதில்லை, அவர்களே ஸ்டென்ட் வைக்கும் உங்கள் கேத்லாபுக்கு வருகிறார்கள். நாற்பது வயதில் ஒருவர் வந்து படுத்தால், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது. நெதர்லாந்தில் 1994-இலிருந்தே இப்படித்தான் தேடினார்கள்: ஒருவரைக் கண்டதும் அவருடைய உடன்பிறந்தவர், பிள்ளை, பெற்றோர், அவர்களின் பிள்ளைகள் என்று கை பிடித்துப் போவது.

அதை நாங்களே செய்தோம். அம்மாச்சி வீட்டு முற்றத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு பரிசோதனைக் கூடத்துத் தம்பி பெட்டியோடு பைக்கில் வந்தார். தாத்தாவின் ரத்த வழியில் 19 பேர் கை நீட்டினார்கள். எட்டுப் பேருக்கு எல்.டி.எல். 190-க்கு மேல். எட்டில் ஒருவர்கூட அதற்கு முன் கொலஸ்ட்ரால் பார்த்ததில்லை. என் அம்மாவுக்குப் பல வருடமாக ‘கேஸ்’ என்று நாங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு மூன்று குழாயிலும் அடைப்பு. ஆளுக்கு 450 ரூபாய் ஆனது. இது ஒரு பள்ளி ஆசிரியை செய்கிற வேலையா, நீங்கள் செய்கிற வேலையா?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எல்லாம் மரபு, தலையெழுத்து’ என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கும் என் தம்பிக்கும் ஒரே பழுதுதான். என் எல்.டி.எல். 214, அவனுக்கு 205. எனக்குக் குழாய்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவனுக்கு முப்பது வயதில் இரண்டு அடைப்பு. நான் பெண் என்பது ஒரு காரணம் என்றார்கள், சரி. மிச்சம் அவன் வயிற்றில் இருக்கிறது. கம்பத்திலிருந்து காய்கறி லோடு ஏற்றிப் போகிறவன், இரவு முழுக்க ஸ்டியரிங், விடியலில் பரோட்டா. இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். இந்திய ஆணுக்கு 90-க்கு மேல் போகக் கூடாது, பெண்ணுக்கு 80. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு 290, நல்ல கொழுப்பு 31, மூன்று மாதச் சர்க்கரை 6.3, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படியில். பிறப்பில் வந்ததும் பிழைப்பில் வந்ததும் அவன் உடம்பில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் உங்கள் அறைகளில் இவை இரண்டும் சேர்ந்து பேசப்படுவதில்லை. என் கணவர் ஒல்லி, சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, காட்டு வேலை செய்கிறவர். அதனால் “டென்ஷன்தான் காரணம்” என்று முடித்தார்கள். என் தம்பி குண்டு, அதனால் “எடையைக் குறை” என்று முடித்தார்கள். ஒல்லியானவரிடம் மரபைக் கேட்கவில்லை. குண்டானவனிடமும் கேட்கவில்லை. அம்மாவிடம் எண்ணெயையும் தேங்காயையும் நிறுத்தச் சொன்னார்கள். அவரும் ஒரு வருடம் வெறும் ரசமும் சோறும் தின்றார், கொழுப்பு இறங்காததற்குத் தன் நாக்கைத்தான் நொந்துகொண்டார். இந்தப் பழுது உள்ளவருக்குப் பத்தியம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்தக் குற்ற உணர்வாவது மிஞ்சாமல் இருந்திருக்கும். அந்த மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கணவரின் கொழுப்புப் பரிசோதனையும் அப்படித்தான் தவறியது. மாரடைப்பு வந்த மூன்றாம் நாள், அதிக அளவில் கொழுப்பு மாத்திரை கொடுத்த பிறகு ரத்தம் எடுத்தார்கள். எல்.டி.எல். 178 வந்தது, “கொஞ்சம் அதிகம்” என்றார்கள். மாரடைப்புக்குப் பிந்தைய நாட்களிலும், மருந்து தொடங்கிய பிறகும் அந்த எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நான் ஏதோ புதிதாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் ரத்தக் கொழுப்புக்கு இந்த நாட்டுக்கான முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 18 வயதில் முதல் கொழுப்புப் பரிசோதனை, குடும்பத்தில் இளவயது இதயநோயோ இந்த மரபு நோயோ இருந்தால் அதற்கும் முன்பே என்று அதில் இருக்கிறது. லைப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பை வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்கிறது. அது பெரும்பாலும் மரபால் முடிவாவது, சாதாரண லிப்பிட் பரிசோதனையில் தெரியாது, இந்தியரில் நாலில் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கிறது என்றும் சொல்கிறது. என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்தது அதற்கு நாலு மாதம் கழித்து.

அதற்கும் முன்னால், 2004-இல், 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு வந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி என்று அதன் தரவு காட்டியது. ஆறு வருடம் முந்துகிறோம். சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. ரத்தக் கொழுப்பு ஏதாவது ஒரு வகையில் சீர்கெட்டவர்கள் பெரியவர்களில் 81.2 சதவீதம். 2025 ஜனவரியில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதித் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதைச் சேமித்து வைத்திருக்கும் ஃபரிதாபாத் தரவு மையத்தின் கணினிகளில் நம் மரபு அவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது. ஒரு டிஸ்சார்ஜ் தாளில் என் தாத்தாவின் சாவைப் பதிய இடமில்லை.

நேரம் இல்லை என்பீர்கள். புற நோயாளிப் பிரிவில் நிற்கிற வரிசையை நானும் பார்த்தவள்தான். நீங்களே உட்கார்ந்து குடும்ப மரம் வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செவிலியர் ஒருவர் பத்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது, பெண் எடுத்தது எங்கே என்று மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லக்கூடிய ஒரு பாட்டி எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வார்டுக்கு வெளியிலும் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சரியாகக் கேட்டால் போதும்.

மகள் இப்போது இரண்டு மாத்திரை சாப்பிடுகிறாள். எல்.டி.எல். 430-க்கு இறங்கியிருக்கிறது. அதற்குமேல் அவை பெரிதாக இறக்காது, ஏனென்றால் அந்த மருந்துகள் வேலை செய்வதே அவளிடம் இல்லாத அந்த வாசல்களின் வழியாகத்தான். ரத்தத்தை வெளியே எடுத்துக் கொழுப்பைப் பிரித்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை, புது ஊசிகள் என்று பேசுகிறார்கள். எதற்கும் எங்களிடம் பணமில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவள் இதய வால்வை வருடா வருடம் எக்கோ பார்க்க வேண்டும். மூன்று வயதில் தெரிந்திருந்தால் ஐந்து வருடம் கிடைத்திருக்கும். அது போய்விட்டது. மீதியைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆண் என்றால் 55, பெண் என்றால் 60 வயதுக்கு முன் மாரடைப்போடு வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று தலைமுறைக் கேள்வியைக் கேளுங்கள். ‘வீடு’ என்று கேட்காதீர்கள், ரத்த சொந்தம் என்று கேளுங்கள். காரணம் தெரியாத திடீர் மரணத்தையும் கேளுங்கள். சொந்தத்தில் கட்டியவரா என்று, முகம் சுளிக்காமல் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். இரண்டும் வேறு.

மருந்து தொடங்குமுன், சேர்த்தவுடனேயே எடுக்கிற ரத்தத்தில் கொழுப்பைப் பாருங்கள். லைப்போபுரோட்டீன்-ஏ ஒரு தடவை பாருங்கள். கண்ணையும் குதிகாலையும் ஒரு நிமிடம் பாருங்கள், கூட வந்திருக்கும் பிள்ளையின் முழங்காலையும். சந்தேகம் வந்தால் சம்மரியின் கடைசியில், ‘இவருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால் நாங்கள் சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். நாங்கள் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், நீங்கள் எழுதினால் நம்புவார்கள்.

உங்கள் சங்கத்தின் வழியாக அரசிடமும் கேளுங்கள். நாடு தழுவிய தொற்றா நோய்ப் பரிசோதனையில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். இளவயது மாரடைப்புக் குடும்பத்தின் பிள்ளை என்றால் வயது பார்க்காமல் கொழுப்புப் பரிசோதனை இலவசம் என்று அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஸ்டென்டுக்குப் பணம் தருகிற காப்பீடு, அதே குடும்பத்தின் ரத்தப் பரிசோதனைக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் தர வேண்டும். நாங்கள் கேட்டால் மனுவாகிவிடும். நீங்கள் கேட்டால் பேசுவார்கள்.

என் கணவரின் சம்மரியைத் திருத்த முடியாது என்று சொன்ன மருத்துவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். பழைய தாளை மாற்ற வேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு நாங்கள் வரும்போது புதுத் தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: குடும்ப வரலாறு — தந்தை, 42 வயதில் திடீர் மரணம். பெரியப்பா, 48 வயதில் திடீர் மரணம். அக்காவுக்கு மூன்று குழாய் அடைப்பு. அக்கா மகனுக்கு 30 வயதில் இரண்டு அடைப்பு. மனைவி அக்கா மகள், அவருக்கும் எல்.டி.எல். அதிகம். மகள், எட்டு வயதில் எல்.டி.எல். 612.